கூரைக்காகப் பாடிய பாட்டு

எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு இருநூறு வயது. உத்திரங்களைக் கரையான் அரித்துவிட்டது; மழை நாளில் பாதிரியார் குடை பிடித்துக்கொண்டு பூசை வைக்காத குறைதான். கூரையைப் புதுப்பிக்கப் பணம் திரட்ட எங்கள் பாடகர் குழு கச்சேரி நடத்துவதென்று முடிவாயிற்று. வெளியூர்க்காரர்கள்கூட டிக்கெட் வாங்கிவிட்டார்கள்.

நான்கு நாள் இருக்கும்போது பாட்டு வாத்தியார் என் தையல் கடைக்கு வந்தார். குழுவின் அங்கி அளவைப் பற்றி என்னென்னவோ பேசினார். பிறகு மென்று விழுங்கி விஷயத்துக்கு வந்தார். ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் சேரும் மூலையில் ஒரு கட்டைக் குரல் சுருதி விலகுகிறதாம். அங்கே நிற்பது என் வீட்டுக்காரர். அவரை ஒட்டி நான். கச்சேரியன்று மட்டும் அவரை வாசலில் டிக்கெட் கிழிக்க உட்கார வைக்கலாமா, நானே பக்குவமாகச் சொல்லிவிட முடியுமா என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒத்திகைக்குக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போகிற மனுஷன் அவர். இதைச் சொன்னால் நொறுங்கிப் போவார். ஆனாலும் கூரையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் நிதானமாகக் கை கழுவினார்.

"நான் பாடியே பன்னெண்டு வருஷம் ஆச்சு. வாயை மட்டும்தான் அசைக்கிறேன்."

"ஏன்?"

"நீதானே சொன்னே, நீங்க பக்கத்துல பாடினா என் சுருதி போயிடுதுன்னு."

சொன்ன ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி. அப்படியானால் அந்தக் கட்டைக் குரல் யாருடையது என்று கேட்கப்போனவள் நிறுத்திக்கொண்டேன். போனில் என்னை 'சார்' என்று கூப்பிடாத ஆளே கிடையாது.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாடும்போது நான் அவ்வளவு சந்தோஷமாக இருப்பேனாம், கெடுக்க மனசு வரவில்லையாம். அந்தத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டேன்.

"நீங்க பாடுங்க. இந்தத் தடவை நான் வாயை அசைக்கிறேன்" என்றேன்.

வாத்தியாரிடம் போய், அவர் வரிசையில்தான் நிற்பார், சுருதிக்கு நான் பொறுப்பு என்று அடித்துச் சொன்னேன். வாத்தியார் அரைமனதாகத் தலையாட்டினார்.

கச்சேரியில் அவர் குரல் இம்மி பிசகவில்லை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. உத்திரத்துக்கு வேண்டியதும் சேர்ந்துவிட்டது. வாத்தியார் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் அங்கியின் நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு நல்ல குரலைப் பன்னிரண்டு வருஷம் பக்கத்திலேயே நின்றும் நான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.