சுவரில் விட்டுப்போன பெயர்

பேனாவின் மூடியைப் பல்லில் கடித்தபடி ஃபுல்வியா சுவரொட்டியின் அடிப்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். பசை இன்னும் காயவில்லை. ஈரத்தாளில் கறுப்பு மை எழுத்துகளின் ஓரம் வழியே பரவியது. 'உறவினர் அனைவரும்' என்று அச்சாகியிருந்த வரிக்குப் பின்னால் துளி இடம் இருந்தது. அதில் 'ஓர்னெல்லாவும்' என்று நுணுக்கி எழுதிவிட்டு, விலகி நின்று பார்த்தாள். பரீட்சையில் மணி அடித்த பிறகு செருகிய விடை மாதிரி இருந்தது.

தாளின் நடுவில் அவளுடைய அப்பா நத்சரேனோ சிரித்துக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. முப்பது வருடம் இத்தாலியின் அஸ்கோலி நகரத்து வீடுகளில் தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் குறித்தவர். அதனால் பெயருக்குக் கீழே, ஊருக்குப் புரியும்படி, 'தண்ணிக்கார நேனோ' என்றும் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, இன்று மாலை மூன்றரை மணிக்கு அடக்கப் பூசை, வருத்தத்துடன் தெரிவிப்பவர்கள்: மகள் ஃபுல்வியா, மகன் லோரிஸ், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி, உறவினர் அனைவரும்.

காலையில் காப்பிக் கடை லில்லியானாதான் முதலில் சொன்னாள்.

"கோவிச்சுக்காத ஃபுல்வியா. ஓர்னெல்லா பேரு எங்க?"

"எங்கன்னா?"

"போஸ்டர்ல இல்லையேடி. சம்பந்தி வரைக்கும் இருக்கு. பதினேழு வருஷமா உங்கப்பாவுக்கு உப்பில்லாம சமைச்சுப் போட்டவ, அவ பேரைக் காணோம். சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"அப்ப ஊர் சண்டைன்னுதான் பேசும். காப்பியக் குடி, ஆறுது."

ஃபுல்வியா காப்பியைக் குடிக்காமல் சவ அடக்க நிலையத்துக்குப் போன் செய்தாள். அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"நேத்து நீங்கதாம்மா சொன்னீங்க. உங்க அம்மா இறந்தப்ப அடிச்ச தாள் எங்ககிட்ட இருக்கு, அதையே வச்சு மாத்திக்கலாமான்னு கேட்டேன். சரின்னீங்க. ரெண்டு தரம் படிச்சுக் காட்டினேன். ரெண்டு தரமும் சரின்னீங்க."

"நான் தூங்கி மூணு நாளாச்சு."

"தெரியும்மா. புதுசா அடிச்சுடலாம். ஆனா ஒட்டுற ஆள் சாயங்காலம்தான் வருவான்."

சாயங்காலம் அப்பா மண்ணுக்குள் இருப்பார்.

அம்மாவின் தாளில் முதல் பெயர் 'கணவர் நத்சரேனோ'. அதை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் யாரையும் வைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பெண் இரண்டு தரம் படித்துக் காட்டியிருக்கிறாள்.

இதற்கு முன்பே ஓர்னெல்லா நடக்கக் கிளம்பியிருந்தாள். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் காலை எட்டரைக்கே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "நான் ஒரு சுத்து நடந்துட்டு வரேன்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே."

"தெரியும். மூணரை வரைக்கும் இங்க உக்காந்து நான் என்ன பண்றது?"

"முட்டி வீங்கியிருக்கே."

"அது எப்பவும்தான் வீங்கியிருக்கு."

நகராட்சி சுற்றுலா அலுவலகம் தரும் வரைபடத்தில் பன்னிரண்டு இடங்கள் உண்டு. மேற்கே ரோமானியர் காலத்து இரட்டை வாசலில் தொடங்கி, கிழக்கே ஆற்றோரக் கோட்டையில் முடியும். வழிகாட்டி வேண்டாம், சுவரில் பதித்த நீல எண்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். பதினேழு வருடம் முன்பு மிலானிலிருந்து ஒரு கூட்டத்தோடு வந்த ஓர்னெல்லா, ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு வழி தவறிவிட்டாள். கையில் மீட்டர் நோட்டோடு எதிரே வந்த நத்சரேனோ பன்னிரண்டாவது எண் வரை கூடவே நடந்து கொண்டுபோய் விட்டார். அதற்குள் அவளுடைய பேருந்து போயிருந்தது.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் இருவரும் அந்த வழியில் நடந்தார்கள். அவருக்கு ஒவ்வொரு முற்றத்துக்கும் குறுக்கு வழி தெரியும். அவள் விடமாட்டாள், எண் வரிசைப்படிதான் போக வேண்டும். உள்ளூரிலேயே சுற்றுலாப் போகிறவர்கள் என்று ஊர் கேலி செய்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்தால் ஓர்னெல்லாவுக்கு இறந்த கணவர் வழியாக வரும் ஓய்வூதியம் நின்றுவிடும். அதனால் எந்தக் காகிதத்திலும் அவளுக்கு ஒரு பெயர் கிடையாது.

எண்கள் இருக்கும் இடத்தில்தான் ஜனம் நிற்கும். ஜனம் நிற்கும் இடத்தில்தான் சாவுத் தாளும் ஒட்டுவார்கள். வந்த புதிதில் சுவரைப் படிக்கிற பழக்கம் ஓர்னெல்லாவுக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அவள்தான் முதலில் நிற்பாள்.

அவளுடைய போன் அணைந்திருந்தது. ஒன்றிலிருந்து அவள் வருகிறாள். பன்னிரண்டிலிருந்து தான் எதிரே போனால், மீதி இருப்பதையாவது அவள் பார்ப்பதற்குள் திருத்திவிடலாம். இப்படி யோசித்துத்தான் ஃபுல்வியா மகன் பையிலிருந்து இந்தப் பேனாவை எடுத்து வந்திருந்தாள்.

பன்னிரண்டில், கோட்டைச் சுவரில் எழுதியாயிற்று; பதினோராவது எண் பேராலயத்துச் சதுக்கத்தில். அங்கே 'ஓர்னெ' வரை எழுதியபோது பின்னால் குரல் கேட்டது.

"அம்மா, அதுல கிறுக்கக் கூடாது. அபராதம் உண்டு."

நகரக் காவலர். இளைஞன் இல்லை, தலை நரைத்தவர்.

"எங்கப்பா."

அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "அட, தண்ணிக்காரர். போயிட்டாரா? எங்க வீட்ல கசியுது கசியுதுன்னு சொல்லிட்டே இருப்பாரு. கடைசீல சுவரே விழுந்துச்சு." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "யாரும்மா விட்டுப்போச்சு?" என்றார்.

ஃபுல்வியா பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள். எல்லாரிடமும் அவள் 'அப்பாவோட ஓர்னெல்லா' என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். அதைச் சொன்னாள்.

"எழுதுங்க, எழுதுங்க." காற்றில் எழும்பிய தாளின் மூலையை அவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஆனா அங்க கடைசீலயா எழுதுவீங்க? சம்பந்திக்கும் கீழ?"

அவள் தொடங்கிய இடத்திலேயே எழுதி முடித்து நன்றி சொல்லிவிட்டு நடந்தாள்.

பத்தாவது எண், பெரிய சதுக்கத்தின் வளைவு நடையில். கல் தரை மழையில் நனைந்து கண்ணாடி மாதிரி இருந்தது. தாளின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். 'தெரிவிப்பவர்கள்' என்பதற்கும் 'மகள் ஃபுல்வியா' என்பதற்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இருந்தது. அம்மாவின் தாளில் அப்பா இருந்த இடம். அங்கே 'துணைவி ஓர்னெல்லா' என்று எழுதினாள். வரி கொஞ்சம் மேல்நோக்கி ஏறிவிட்டது. பன்னிரண்டுக்கும் பதினொன்றுக்கும் திரும்பிப் போய் மாற்றலாமா என்று நினைத்தாள். அதற்குள் ஓர்னெல்லா இன்னும் ஒன்றைப் பார்த்துவிடுவாள்.

லோரிஸ் போன் செய்தான்.

"அக்கா, எங்க இருக்க? ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. எல்லாரும் உன்னத்தான் கேக்கறாங்க."

"போஸ்டர்ல எழுதிட்டிருக்கேன்."

"என்ன எழுதற?"

"ஓர்னெல்லா பேரு."

"நான் காலைலயே பாத்தேன். நீ வேணும்னே விட்டன்னு நெனச்சேன். அதான் கேக்கல."

"வேணும்னு விடல" என்றாள். சொன்னபின் அந்த வாக்கியம் தன் காதுக்கே எப்படிக் கேட்டது என்று யோசித்துக்கொண்டே ஒன்பதாவது எண்ணுக்கு நடந்தாள். எட்டாவது, முகப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்த பழைய தேவாலயம். வரைபடமும் கையுமாக நின்ற ஒரு வெளிநாட்டுத் தம்பதி முகப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதுவதைப் பார்த்து அந்தப் பெண் கணவனை மெல்லத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஏழாவது எண், பாலத்தடியில் பழைய சலவைத் தொட்டி. கல் வளைவுகளுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியின் விளிம்பில், ஒரு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஓர்னெல்லா உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் தாள்.

"கையெல்லாம் என்ன மை?" என்று கேட்டாள் ஓர்னெல்லா.

ஃபுல்வியா பக்கத்தில் உட்கார்ந்தாள். கல் சில்லென்றிருந்தது. "எத்தனை பாத்தீங்க?"

"மொத வாசல்லயே பாத்துட்டேன். ஒரு தாள்லதான் விட்டுப்போச்சாக்கும்னு ரெண்டாவதுக்குப் போனேன். அப்புறம் மூணாவதுக்கு." அவள் லேசாகச் சிரித்தாள். "அச்சாபீஸ்ல ஒவ்வொண்ணா வேற வேறயாவா அடிப்பாங்க? தெரியுது. ஆனாலும் கால் போய்க்கிட்டே இருந்துச்சு."

"நான்தான் காரணம். அம்மாவோட தாளை வச்சு அடிக்கச் சொல்லிட்டேன். படிச்சுக் காட்டினாங்க. சரின்னுட்டேன்."

"ம்."

"ரெண்டு தரம்."

ஓர்னெல்லா குனிந்து முட்டியைத் தேய்த்தாள். பிறகு எதிர்ச் சுவரைத் தாடையால் காட்டினாள்.

"அந்தப் படம் எங்க எடுத்தது தெரியுமா? உன் பையன் சர்ச்ல புதுநன்மை வாங்கின அன்னிக்கு, விருந்துல. நான் பக்கத்துல நின்னேன். என்னை வெட்டிட்டாங்க. ஆனா தோள்ல பாரு."

ஃபுல்வியா எழுந்து போய்ப் பார்த்தாள். அப்பாவின் இடது தோளில், கோட்டு மடிப்பு என்று அவள் நினைத்திருந்த இடத்தில், நான்கு விரல் நுனிகள் இருந்தன. ஐந்து தாள்களில் எழுதியிருக்கிறாள், ஒன்றிலும் பார்க்கவில்லை.

அவள் பேனாவைத் திறந்து, தன் பெயருக்கு மேலே எழுதத் தொடங்கினாள். ஓர்னெல்லா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. 'துணைவி ஓர்னெல்லா' என்று எழுதி முடித்தாள்.

"எழுத்து ரொம்ப மோசம்" என்றாள் ஓர்னெல்லா.

"தூங்கலையே."

"தூங்கினாலும் உனக்கு இப்படித்தான். உங்கப்பாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவியே, நான்தான் படிச்சு சொல்லுவேன்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "இன்னும் அஞ்சு இருக்கு. வரியா, இல்ல உனக்கு அங்க வேலை இருக்கா?"

"வரேன்."

எட்டாவது எண்ணுக்கு ஏறும் சந்து குறுகலானது. ஓர்னெல்லா ஒரு கையில் பையைத் தூக்கிக்கொண்டு, மறுகையால் ஃபுல்வியாவின் முழங்கையைப் பிடித்தபடி, நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தாள். பழைய தேவாலயத்தின் முன் இப்போது மூன்று நான்கு பேர் தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி வைத்த ஒரு முதியவர் மூக்கு உரசும் தூரத்தில் நின்று ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். ஃபுல்வியாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நேனோ பொண்ணுதானே நீ? எங்க சமையலறைக்குள்ள முப்பது வருஷம் வந்து போனவர்ம்மா." தொப்பியைக் கழற்றினார். அவளிடம் வரக் காலெடுத்து வைத்தவர் நின்று, ஒரு தரம் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "ஓர்னெல்லாங்கறது?"

"இவங்க" என்றாள் ஃபுல்வியா.

முதியவர் ஓர்னெல்லாவின் முன் வந்து துக்கம் விசாரிக்கக் கையை நீட்டினார். மற்றவர்களும் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஓர்னெல்லா அந்தக் கையையும் ஃபுல்வியாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஃபுல்வியா அவளுடைய வலக்கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.