கதவுக்கு வெளியே அம்மா

"நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கம்மா" என்று டாக்டர் சொன்னதுமே அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். போன வாரம் பள்ளிக்கூடப் படியில் மயங்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது. இப்போது அது காதிலேயே கேட்டது.

"என்கிட்ட மறைக்க அவளுக்கு என்ன இருக்கு டாக்டர்? தலை பின்னி விடறதே இன்னும் நான்தான்."

"இந்த வயசுப் பிள்ளைங்க யார் வந்தாலும் கொஞ்ச நேரம் தனியா பேசறது எங்க வழக்கம். துரத்தறேன்னு நினைக்காதீங்க."

"என்னையத் துரத்தவா? எழுப்பி விடவே ரெண்டு ஆள் வேணும்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "பயப்படாத குட்டி" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அம்மா போனாள்.

காலையிலிருந்து ஓயாத கூட்டம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு அவளைக் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது.

"ஃபேன்கூட ஓடலையே" என்றவர், கழுத்தைத் தடவி எச்சில் விழுங்கச் சொன்னார். "ரத்தத்துல தைராய்டு எகிறிக் கிடக்கு. கழுத்துல வீக்கமே இல்ல. தானா சுரந்த மாதிரி தெரியல. ஸ்கூல்ல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"பூசணி."

"இப்பவுமா?"

"இப்ப இல்ல. இளைச்சுட்டேன்ல."

டாக்டர் கம்ப்யூட்டரில் அம்மாவின் போன மாத ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தார்.

"அம்மா ரத்தத்துல இருக்க வேண்டியது உன் ரத்தத்துல இருக்கும்மா. இளைக்கறதுக்காக அவங்க தைராய்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கறியா?"

அவள் உடைந்துபோனாள். மூக்கை உறிஞ்சியபடியே தலையாட்டினாள்.

"அப்ப அம்மா என்ன சாப்பிடறாங்க?"

"வைட்டமின் மாத்திரை. பாக்க அதே மாதிரி இருக்கும். டப்பாவுல மாத்தி வெச்சுட்டேன்."

"நான் எழுதிக் குடுத்த புது டப்பாவுலயுமா?"

"ம்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "போன மாசம் கால் கனக்குது, எந்நேரமும் தூக்கமா வருதுன்னு உங்கம்மா வந்தாங்க. ஒழுங்கா மாத்திரை போடறதில்லன்னு நான்தான் திட்டினேன். டோஸையும் ஏத்தி விட்டேன். அதுதான் உன்னைக் கீழ தள்ளியிருக்கு."

"சொல்லிடுவீங்களா டாக்டர்?"

"பூசணிக் கதை உன்னோடது, அதை வெளிய விட மாட்டேன். ஆனா அவங்களும் என் பேஷண்ட். இந்த டோஸ்ல நிஜ மாத்திரையைப் போட்டா அவங்க நெஞ்சு தாங்காது. குறைச்சாகணும். ஏன்னு கேப்பாங்க. பொய் சொல்ல என்னால முடியாது. நீயே சொல்லிடு. நான் பக்கத்துலயே இருக்கேன்."



டாக்டர் கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் அம்மா, மடியில் பையோடு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மகளின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் டாக்டரை மறந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, என்னோட சீக்கு உனக்கும் வந்துடுச்சா? நான்தான் குடுத்துட்டேனா?"