ஜெர்மன் காருக்கு லொறி ஒயில்

பிரதீஸ் காரை விட்டு இறங்கியதுமே தனுஷியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புளியந்தீவில் ஒயில் கடைக்கா பஞ்சம்? இவள் கடைதான் கிடைத்ததா? கறுப்பு ஜெர்மன் காரைக் காட்டிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறான், வேறென்ன!

இவளோடு நிச்சயித்த கல்யாணத்தைக் குழப்பியவன் அவன். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும், அது ஊர் வழக்கம். "ஒயில் மணக்கிற வீட்டில என்ட மகன் எப்படிச் சோறு தின்னுவான்?" என்று அவன் தாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். இவனோ வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றான். அதற்குப் பிறகு தனுஷியாவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

"எஞ்சின் ஒயில் மாத்தணும்," என்றான், முகத்தைப் பார்க்காமல்.

அவனை அவள் நன்றாக அறிவாள். கிழக்கென்றால் மேற்கே போகிறவன். பெண் சொன்னால் கேட்கவே மாட்டான். அவனைக் கெடுக்கப் பொய் எதற்கு? உண்மையே போதும்.

"டீசல் கார். புகைக்குழாயில பில்டர் இருக்கு. சாம்பல் குறைஞ்ச மெல்லிய ஒயில்தான் ஊத்தணும். லொறிக்கு ஊத்துற தடிச்சத ஊத்தினா பில்டர் அடைச்சுப் போகும்," என்றாள், ஒயில் ஊற்றிக் கொடுக்க வந்து நின்ற பக்கத்துக் கராஜ் இப்றாஹிம் நானாவுக்கும் கேட்கும்படி.

அவன் சிரித்தான். "இந்த வெயிலுக்கு மெல்லிய ஒயிலா? விக்காமக் கிடக்கிறத என்ட தலையில கட்டப் பாக்கிறியா? லொறி ஒயிலையே எடு."

"கேட்டீங்கதானே நானா? பிறகு நான் சொல்லல்ல எண்டு வரப்படாது."

நடுரோட்டில் கார் படுத்துவிட, முழி பிதுங்கி நிற்கப்போகிறவனை நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது. தடித்த ஒயில் கானைத் தூக்கி மேசையில் வைத்தாள்.

அதற்குள் அவன் மனைவி நிருஷா காரிலிருந்து இறங்கி வந்தாள். "அக்கா, கார் நல்லா ஓடும்தானே? அப்பா வெல்லாவெளி வட்டையில கிடந்த வயல வித்துத்தான் இத எனக்குச் சீதனமாத் தந்தவர். இது பழுதாப் போனா, மிச்ச வயலையும் விக்கச் சொல்லுவார் இவர்."

தனுஷியாவுக்குச் சுருக்கென்றது. வீடும் வளவும் வயலும் பெண் பேரில் எழுதுகிற ஊரில், கார் மட்டும் அவனுடையது என்று எப்படி நினைத்தாள்? அவனுக்கு ஓங்கிய அடி இந்தப் பிள்ளையின் தலையிலல்லவா விழப்பார்த்தது! அதற்காக அவன் மேலிருந்த கோபம் ஒன்றும் தணிந்துவிடவில்லை.

"கார் ஒங்கட பேரிலயா தங்கச்சி?"

"ஓம்."

மெல்லிய ஒயிலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "நான் இதச் சொன்னன். அவர் அதக் கேட்டார். கார் ஒங்கட. நீங்களே சொல்லுங்க."

"அவளுக்கு என்ன தெரியும்?" என்று பாய்ந்தான் பிரதீஸ். "தடிச்சத ஊத்துங்க நானா!"

நானா அசையவில்லை. "சொந்தக்காரப் புள்ள சொல்லட்டும்."

நிருஷா கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா சொன்னதையே ஊத்துங்க. இவருக்குப் புடிக்கல்லாட்டி பஸ்ஸில வரட்டும்."

பிரதீஸின் செத்துப்போன முகத்தைத் தனுஷியா ஆசை தீரப் பார்த்தாள்.