பலகை போய் நின்ற இடம்

அறுகம்பேயில் அலைச்சறுக்கு பழகி வந்த றொக்சன், தானே செய்த பலகையைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த நீர்த்தேக்கத்தில் விட்டுப் பார்த்தான். படுத்துக் கையால் துழாவினால் அது இடப்பக்கமே திரும்பியது. பலகை நேராகப் போவதற்காக அடியில் பொருத்தியிருந்த செட்டையை ஓர் அங்குலம் பின்னால் நகர்த்தினான், பிறகு முன்னால். ஒவ்வொரு தடவையும் பலகை, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்கள் மூழ்கிக் கிடந்த இடத்துக்கே போனது.

கடைசியில் செட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பலகையைத் தள்ளினான். காற்றே இல்லை. அது மெல்லத் திரும்பி, அங்கேயே போய் நின்றது.

"எடுத்துட்டு வந்துர்றேன்" என்று தண்ணீரில் இறங்கினான்.

கரையில் நின்ற மனைவி டிலுக்ஷி அவன் கையைப் பிடித்தாள். "வேணாங்க. நல்லாப் பாருங்க, அமுங்கியிருக்கு."

யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பலகை தாழ்ந்திருந்தது. றொக்சன் கரையேறினான். அதை எடுக்க அவன் பிறகு போகவேயில்லை.