கையில் ஒட்டாத நோய்

இலந்தை இலை போட்டுக் கொதித்த தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. குளிப்பாட்ட வந்தவர்தான் இன்னும் கை வைத்தபாடில்லை. ஜஹீரா ஜன்னல் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வெளியே காது கொடுத்தாள். ஒரு மனுஷன் செத்து முழுசாக ஒரு பொழுது போகவில்லை, அதற்குள் அவரை நடுவில் போட்டுக்கொண்டு என்ன குசுகுசுப்பு?

கார் நிறுத்துகிற இடத்தில் நாலு பக்கமும் போர்வை கட்டியிருந்தது. உள்ளே, பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த பலகையில், அவள் புருஷன் பாட்சா படுத்திருந்தார். முடிச்சூர் ரோட்டில் குழாய், பைப், பாத்ரூம் சாமான் கடை வைத்திருந்தவர். குளிக்காமல் சோற்றில் கை வைக்காத ஆள். தொண்டையில் புற்றுநோய் வந்து, கடைசியில் மூக்கில் குழாயோடு கிடந்து, இன்று விடிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு ஜனாஸாவைப் பள்ளிவாசலுக்கு எடுக்க வேண்டும்.

நடந்தது இதுதான். குளிப்பாட்ட வந்த ஜமீர் பாய் வாய் சும்மா இருக்காமல், "இன்னா தம்பி, அத்தாவுக்கு சிகரெட் ஜாஸ்தியா?" என்று மகன் சுஃபியானைக் கேட்டிருக்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லோரும் இதையே கேட்டுக் கேட்டு அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. "பீடி, சிகரெட், பாக்கு எதையும் எங்க அத்தா தொட்டதில்ல பாய். இது ஒரு வைரஸால வந்தது" என்று சொல்லிவிட்டான். அப்பன் பேரைக் காப்பாற்றப் போய், அப்பன் குளியலுக்கே வேட்டு வைத்துவிட்டான்.

வைரஸ் என்றதும் ஜமீர் பாய் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. கொரோனா அப்போ என் தம்பி மய்யித்த பையில கட்டித்தான் குடுத்தாங்க. மூஞ்சியக்கூட பாக்கல. இப்போ வூட்ல கைக்கொழந்த கீது. தயம்மும் பண்ணிடலாம். சுத்தமான மண்ணத் தொட்டு மூஞ்சி, கையத் தடவிட்டா போதும். தண்ணி ஊத்த முடியாதப்போ மார்க்கத்துல அதுக்கு வழி கீது."

"இது அந்த மாதிரி வைரஸ் இல்ல பாய்."

"பின்ன எந்த மாதிரி?"

சுஃபியான் குவளையால் தண்ணீரைக் கலக்குவது கேட்டது.

சொல்லேன்டா, படிச்ச புள்ளதானே, என்று ஜஹீரா உள்ளே பல்லைக் கடித்தாள். ஆனால் அவன்தான் எப்படிச் சொல்வான்? ரிப்போர்ட் வந்த அன்றே அவன் போனில் தேடிப் படித்திருப்பான். அதற்குப் பிறகு அம்மாவும் மகனும் அந்த வைரஸ் பேச்சை ஒருவரிடம் ஒருவர் எடுத்ததே இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஜஹீராவிடம் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். உடலுறவில் பரவுகிற வைரஸ் இது. ரொம்பப் பேருக்கு வந்துவிட்டுப் போகும், வந்ததே தெரியாது, உடம்பே விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் உள்ளேயே தங்கி, எத்தனையோ வருஷம் கழித்துத் தொண்டையில் இப்படிக் கிளம்பும். "யார்கிட்டருந்து யாருக்குப் போச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. அதச் சொல்ற டெஸ்ட் எதுவும் கிடையாது."

கேட்காமல் இருக்க முடிகிறதா? ஜஹீராவுக்கு பாட்சா இரண்டாவது புருஷன். முதலில் கட்டியவன் கூடுவாஞ்சேரிக்காரன், கண்ட இடத்தில் மேய்ந்தவன். அவன் தலாக் சொல்லி அனுப்பியவளைத்தான் பாட்சா தேடி வந்து கட்டிக்கொண்டார். அவருடைய அக்கா ஷம்ஷாத், "ஊர்ல உனக்கு வேற பொண்ணே கெடைக்கலியா?" என்று கேட்டு நிக்காஹுக்கே வரவில்லை. பாட்சா வேறொரு வாசல் மிதித்தவர் இல்லை என்று ஜஹீரா சத்தியம் செய்வாள். அப்படியானால் பழி எங்கே வந்து நிற்கிறது? அவள் தலையில்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஒருநாள் ஆட்டோவில் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "என்னாலதான் வந்துச்சாங்க?"

பாட்சாவுக்கு அப்போதே பாதிக் குரல் போயிருந்தது. "சீதனமே வேணாம்னு சொன்னேன். கேட்டியா நீ?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார், சிரித்து இருமினார். அவள் அழுதுகொண்டே முதுகைத் தடவினாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவி மனுஷன். அப்படிச் சிரித்தவரை மண்ணைத் தடவி அனுப்புவதா?

"என்னடி வைரஸ் கிரஸ்னு பேசிக்கிறாங்க?" பக்கத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த ஷம்ஷாத் கேட்டாள். "கேன்சர்னுதான எங்கிட்ட சொன்னீங்க?"

ஜஹீராவுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் இந்தக் குடும்பத்தில் இனி அவள் தலை நிமிர முடியாது. சொல்லாவிட்டால் அவர் தண்ணீர் படாமலே போவார். எழுந்து ஜன்னலருகே போனாள்.

"ஜமீர் பாய், புருஷன பொண்டாட்டி குளிப்பாட்டலாம்ல?"

"தாராளமா பண்லாம்மா. ஆனா ஒங்களுக்கு எதுனா..."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. இது கையில ஒட்டுற நோய் இல்ல பாய். புருஷன் பொண்டாட்டி படுக்கையில போறது. அவர்கிட்டருந்து வரணும்னா எனக்கு எப்பவோ வந்திருக்கும். என்கிட்டருந்துதான் அவருக்குப் போச்சோ என்னவோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

முதுகுக்குப் பின்னால் மணி உருள்வது நின்றிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்கம்மா," என்றார் ஜமீர் பாய் கடைசியில். "நான் போர்வைக்கு வெளிய நின்னு ஒவ்வொண்ணா சொல்றேன்."

சுஃபியான் தண்ணீர் மொண்டு ஊற்றினான். அம்மா முகத்தை அவன் பார்க்கவில்லை, ஆனால் அவள் கேட்பதற்கு முன்பே குவளையை நீட்டினான். வலது பக்கம் முதலில், பிறகு இடது பக்கம். வெளியிலிருந்து குரல் வந்தது. "வாய்க்குள்ள தண்ணி ஊத்தாதீங்கம்மா. துணிய நனைச்சு பல்லத் தொடச்சா போதும்." ஜஹீரா துணியை விரலில் சுற்றித் துடைத்தாள். மூக்கோரத்தில் குழாயை ஒட்டிய பிளாஸ்திரியின் பசை கறுப்பாகப் பிடித்திருந்தது. சோப்பைக் குழைத்து, நகத்தால் சுரண்டாமல், கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். நேரமாகிறது என்று யாரும் சொல்லவில்லை.

கஃபன் துணி சுற்ற ஜமீர் பாய் உள்ளே வந்தார். கையுறைப் பொட்டலம் பிரிக்காமலே அவர் சட்டைப் பையில் இருந்தது. வெறுங்கையால் பாட்சாவின் தலையைத் தூக்கி, "கொஞ்சம் புடி தம்பி" என்றார்.

ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீடு காலியானது போல ஆகிவிட்டது. பெண்கள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். ஜஹீரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். இனி ஆரம்பிக்கும். ஷம்ஷாத்தக்கா எங்கே ஆரம்பிப்பாள், நிக்காஹிலிருந்தா, அதற்கும் முன்னாலிருந்தா? எதுவானாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். பதில் சொல்ல இன்றைக்குத் தெம்பில்லை.

ஷம்ஷாத் சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் டீயோடு வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். டீயை ஊதினாள். டம்ளரை உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"சக்கர கம்மிதான். பரவால்ல, குடி," என்று அதே டம்ளரை ஜஹீராவின் வாயருகே கொண்டுபோனாள்.