மாடி வீட்டு அம்மாவுக்கு ஒரு ரசீது

எங்கள் சங்கத்தின் மொத்தச் சொத்து பதினாலு சக்கர நாற்காலிகளும் ஒரு வாடகை அறையும். யார் வீட்டில் யார் விழுந்தாலும் நாற்காலியை இலவசமாக அனுப்புவோம். இருபத்தாறு வருஷம் நான்தான் பொருளாளர். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் கணக்கு உதைக்கும். துண்டு விழுந்ததை என் சம்பளத்திலிருந்து போட்டுவிடுவேன். என் பெயரிலேயே போட்டிருந்தால் என் வீட்டுக்காரி அடிக்கும் அடியில் அந்த நாற்காலிகளில் ஒன்று எனக்கே தேவைப்பட்டிருக்கும். அதனால் ஒரு நன்கொடையாளரைப் பிறப்பித்தேன்: 'மாடி வீட்டு அம்மா'. விலாசம், அடுத்த தெருவில், நான் பிறப்பதற்கு முன்பே பூட்டிப்போட்ட ஒரு மாடி அறை. சந்தேகம் வரக்கூடாதே என்று வருஷாவருஷம் ரசீது எழுதி அந்தக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டும் வருவேன். பொய்யிலும் ஒழுங்கு தவறாதவன் நான்.

ஓய்வு பெற்றதும் என் பென்ஷன் மாத்திரைக்கே சரியாகிவிட்டது. புதுப் பொருளாளர் மருந்துக்கடைக்கார அம்மாள். இந்த வருஷம் வாடகையில் ஆயிரத்து நானூற்றுப் பதினேழு குறைந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் நாற்காலிகள் தெருவில் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று புதுப் பொருளாளரிடம் போனேன்.

"தங்கச்சி, அந்த மாடி வீட்டு அம்மா இருக்காங்களே..."

"அவங்க கவர் வந்துடுச்சுண்ணே. காலையில நம்ம கதவுக்கு அடியில கிடந்துச்சு. ஆயிரத்து நானூத்திப் பதினேழு. ஒத்தக் காசு கூடல, குறையல. நீங்கதான் சொல்லி வெச்சீங்களா?"

கவரை வாங்கி நானே ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? ரசீது எழுதிட்டேன். வழக்கமா நீங்கதானே கொண்டுபோவீங்க? நடையக் கட்டுங்க."

பதினெட்டுப் படி. எனக்கு ஆயிரத்து எண்ணூறு. பூட்டில் அதே துரு, சாவித் துவாரத்தில் ஒரு சிலந்தி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. தூசியில் என் காலடியைத் தவிர வேறு தடம் இல்லை. குனிந்து ரசீதைத் தள்ளினேன். பாதியில் நின்றது. பிறகு என் விரல்களுக்கு இடையிலிருந்து மெதுவாக உள்ளே உருவப்பட்டது.

கொஞ்சம் பொறுத்து, ரசீதுகளைக் கோத்துவைக்கும் கம்பியில் காகிதத்தைக் குத்தும் சத்தம்.

ஓடியிருக்க வேண்டும், முழங்கால் சம்மதிக்கவில்லை. அதுவும் போக, இருபத்தாறு வருஷப் பொருளாளன் புத்தி எங்கே போகும்?

"அம்மா," என்றேன் கதவிடம், "அடுத்த வருஷம் வாடகை ஏறுது. கொஞ்சம் கூடவே ஆகும்."

உள்ளே யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள்.