ஒரே அடுப்பு

தொடர்மாடி வீடுகளின் பெயர் விபரம் முதல் தடவை வாசித்தபோது ரபீக்காவுக்கு இரண்டு வீடு, எனக்கு ஒன்று. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கொட்டாஞ்சேனைத் தோட்டத்தில் நானும் ரபீக்காவும் சுவரோடு சுவராக இருந்தவர்கள். தோட்டமென்றால் மரம் செடி கிடையாது. ஒரு முடுக்குக்குள் தகரக்கூரை வீடுகள், எல்லாருக்கும் ஒரு பைப், எல்லாருக்கும் ஒரு கக்கூஸ். அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்கு மாடி வீடு தருவதாகச் சொன்னார்கள். எங்கள் யாரிடமும் நிலத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அதனால் கணக்கெடுக்க வந்த மிஸ் வீட்டுக்கு வீடு அடுப்பை எண்ணினாள். ஒரு அடுப்புக்கு ஒரு வீடு.

அந்த விஷயம் எனக்குத் தெரியாது. "லிப் கீயத?" என்று அவள் சிங்களத்தில் கேட்டாள். எத்தனை அடுப்பு என்றுதானே கேட்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்தி, "எக்காய் மிஸ்" என்றேன். ஒன்றுதான். அதோடு வாயை மூடினேனா? மகன் வினோதன் கலியாணம் முடித்த பிறகும் என் வீட்டில் உலை பிரியவில்லை, மருமகள் தனுஷியா என் கையால்தான் சாப்பிடுகிறாள் என்று அரைகுறைச் சிங்களத்தில் அளந்து தள்ளினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

பக்கத்து வீட்டில் ரபீக்காவுக்கும் அவள் மருமகள் ரிஸ்னாவுக்கும் விடிந்தால் சண்டை. கடைசியில் நடுவில் ஹார்ட்போர்ட் அடித்து ஆளுக்கொரு அடுப்பு வைத்துக்கொண்டார்கள். தோட்டமே சிரித்தது. எல்லாரையும் விடக் கூடச் சிரித்தவள் நான்தான்.

இப்போது சண்டைக்காரிகளுக்கு இரண்டு வீட்டுத் திறப்பு. மகன், மருமகள், பேரப்பிள்ளை, நான் என்று ஒற்றுமையாக இருந்த எங்கள் நாலு பேருக்கும் ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. நான் கதவடியில் பாய் போட வேண்டியதுதான்.

"நீயும் ரெண்டு எண்டு செல்லியிருக்கலாமே சிவமணி," என்றாள் ரபீக்கா. ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அவள் வாயில் மண்ணள்ளிப் போடலாம் போலிருந்தது.

முறைப்பாடு கொடுத்தோம். இன்னொரு தரம் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். வினோதன் ஒரு காஸ் அடுப்பை இரவல் வாங்கி வந்து முன்னறையில் வைத்தான்.

"பிள்ளை, அந்த மிஸ் வரேக்க நாங்க ரெண்டு பேரும் சண்டை பிடிக்கவேணும்," என்று தனுஷியாவிடம் சொன்னேன். "சும்மா நடிப்புத்தான்."

"என்னத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்கிற மாமி?"

"உப்பு, புளி, வாயில வாறதைச் சொல்லன்."

மிஸ் வந்து நின்றதும் நான் தொடங்கினேன். "இவள் கை பட்டாலே என்ர கறி பழுதாப் போகுது!"

தனுஷியா வெள்ளவத்தையில் புடவைக் கடையில் வேலை செய்கிறவள். சிங்களம் தண்ணீராக ஓடும். அவள் மிஸ்ஸைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினாள். இந்த வீட்டில் ஒரு முட்டை அவிக்கவும் கேட்க வேண்டும் என்றாள். வேலையால் களைத்து வந்தாலும் மாமி போடும்வரை பசியோடு இருக்க வேண்டும் என்றாள். தன் பிள்ளைக்கு முதல் சோறு தீத்தக்கூடத் தன்னை விடவில்லை என்றாள்.

நல்லாய் நடிக்கிறாய் என்பதுபோல நான் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணீர் கன்னத்தால் வழிந்துகொண்டிருந்தது.

மிஸ் அந்த இரவல் அடுப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தெக்காய்," என்றாள். இரண்டு.

இப்போது நான் ஆறாம் மாடி, மகன் குடும்பம் பத்தாம் மாடி. ஆசைப்பட்ட இரண்டாவது வீடு கிடைத்தும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. ரபீக்கா இங்கேயும் எனக்குப் பக்கத்து வீடு. மேலே இருக்கிற ரிஸ்னா மூடிய கறிக் கோப்பையோடு நாளாந்தம் அவளிடம் இறங்கி வருகிறாள். "உப்புக் காணா எண்டு மாமி ஏசுவாங்க ஆன்ட்டி, ஆனா வழிச்சித் திம்பாங்க," என்று என்னிடம் சிரிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஏச்சுச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். ஏசுவதற்கு அவளுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று நான் பொருமிக்கொண்டு கிடப்பேன்.

போன ஞாயிறு பொறுக்க முடியாமல், தனுஷியாவுக்குப் பிடித்த கணவாய்க் கறியை ஒரு மூடிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு பத்தாம் மாடிக்குப் போனேன். சிரித்த முகத்தோடு வாங்கினாள். "இருங்கோ மாமி, தேத்தண்ணி போடுறன்," என்றாள். துப்புரவான குசினி. மருந்துக்கும் அதில் என் கை இல்லை.

வெளிக்கிடும்போது பாத்திரத்தைக் கழுவி மூடித் தந்தாள். எங்கள் தோட்டத்தில் அயல் வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரே வீட்டு ஆட்களுக்குள் அந்த வழக்கம் கிடையாது. வந்த புதிதில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

லிஃப்டுக்குள் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு பிடி சீனி போட்டிருந்தாள்.